பாதிக் கிராப்பு

என் சித்தப்பா முடிதிருத்துபவர். இருந்தவரை ஒரு தலையையும் பாதியில் விட்டதில்லை. ஒருமுறை பக்கத்துக் கடையில் தீப்பிடித்துத் தெருவே ஓடியபோது, வாடிக்கையாளரை நாற்காலியோடு வெளியே இழுத்துப்போட்டு, இடது காதோரத்தை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

ஐம்பது தாண்டியதும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன்னந்தனியாகச் சைக்கிளிலேயே கடல்வரை போக வேண்டும். சித்தி சிரித்தாள்.

"முக்குக் கடைக்குப் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. பாதி வழியில பஸ் ஏறித்தான் கடலைப் பாக்கப் போறீங்க."

"ஒரு அடி பஸ்ல போனாலும் என் சைக்கிளை வித்துடு!"

"வித்துட்டு மிக்ஸி வாங்குவேன்."

"வாங்கிக்கோ."

சைக்கிள் அவருக்கு உயிர். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

முதலில் நன்றாகத்தான் போனார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் அவருக்குத் தும்மல். தும்மினால் ஹேண்டில் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினார். எதிரே சாலையில் பெரிய மரம் விழுந்து கிடந்தது. லாரிகளும் ஒரு பஸ்ஸும் வரிசையாக நின்றன. சைக்கிளை மரத்தைத் தாண்டித் தூக்கி வைத்துவிடலாம். மழை விட்டால் போதும்.

கை சும்மா இருக்கவில்லை. ஒரு லாரி டிரைவரின் காதை மூடிய முடி அவரை உறுத்தியது. கத்தரி பையில் இருந்தது.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் உக்காருங்க."

கவிழ்த்த ஆயில் டின்தான் நாற்காலி. பாதி வெட்டும்போது மழை விட்டது. பாதித் தலையை எப்படி விட்டுப் போவது? முடித்தார். முடித்ததும் மழை மறுபடி பிடித்துக்கொண்டு ஊற்றியது. அடுத்தவர் உட்கார்ந்தார், பாதியில் வானம் வெளுத்தது, முடித்ததும் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் அதே கூத்து.

"அண்ணே, மழை உங்க கத்தரியைப் பாத்துத்தான் நிக்குது," என்றார் பெட்ரோல் போடுபவர். "வெட்டிக்கிட்டே இருங்க, நாங்க நனையாம வீடு போய்ச் சேந்துடறோம்."

கடைசியில் பஸ் கண்டக்டர் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் முடிந்தபோது மரத்தை அகற்றிவிட்டார்கள். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"யோவ், வாய்யா! நேரமாச்சு!"

கண்டக்டருக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளைக் களை, மறுபக்கம் புதர். "இப்படியே போனா என் பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டா," என்று அழாத குறையாகச் சொன்னார்.

சித்தப்பா தலையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். சைக்கிள் பஸ்ஸின் மேலே ஏறியது. அவர் உள்ளே ஏறினார். குலுங்கும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் தொடையிடுக்கில் கண்டக்டரையும் பிடித்துக்கொண்டு வெட்டினார்.

"காதை மட்டும் விட்டுடுங்க," என்றது பின்சீட்டு. "நாங்க இறங்கணும்னு கத்தினா அவருக்குக் கேக்கணும்."

தலையை முடித்துவிட்டு, அடுத்த ஊரில் இறங்கிச் சித்திக்குப் போன் செய்தார். மறைத்திருக்கலாம். அவருக்குப் பொய் வராது.

சித்தி சிரித்து ஓயும்வரை காத்திருந்தார்.

"சரி, அழாதீங்க. எங்க ஏறினீங்களோ அங்கேயே திரும்பிப் போய், அங்கிருந்து மிதிச்சு வாங்க. ஒத்துக்கறேன்."

"மழை கொட்டுதும்மா!"

"அப்ப மிக்ஸி."

எந்த மழைக்காக அத்தனை நேரம் ஒதுங்கி நின்றாரோ, அதே மழையில் தும்மித் தும்மி, விழுந்து எழுந்து, வந்த வழியே மிதித்தார். பங்கில் பெட்ரோல் போடுபவர் வாயைப் பிளந்தார்.

"என்னண்ணே, எதையாவது வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லப்பா," என்று தும்மிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அப்போதுதான் வந்து ஒதுங்கியிருந்த ஒரு லாரி டிரைவர் தலையைத் தடவிக்கொண்டே ஆயில் டின்னை நோக்கி நடந்தார். சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தார்.