வியன்னாவுக்கு வைத்த பொட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவைத் தனியாகச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டேன்.
2. ஆலையில் விடுப்பு கிடைத்தது. பிறகு விசாவும் கிடைத்தது.
3. அம்மா விசாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.
4. அப்பா அதைப் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்தார்.
5. விமானம் போனது. நான் போகவில்லை.

முதல் இரண்டும் எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடியவை. மூன்றும் நான்கும் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பாவுக்குச் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பைப்பும் ஆங்கிளும் விற்கும் கடை. வீடு திருவொற்றியூரில். நான் எண்ணூரில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பொறியாளர். சுத்தம் செய்யவோ வெல்டிங் வைக்கவோ பெரிய தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கும்போது அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. உள்ளே ஒருவர் இறங்கினால், தொட்டியின் வாயருகே இன்னொருவர் நின்றே ஆக வேண்டும். அவர் டீ குடிக்கப் போனால்கூட உள்ளே இருப்பவரை வெளியே வரச் சொல்லிவிடுவோம். யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது என்பது ஆலையின் விதி. யாரும் தனியாக வெளியே போகக் கூடாது என்பது வீட்டின் விதி. கல்லூரிக் காலத்திலிருந்து இன்றுவரை நான் பஸ் ஏறும் வரைக்கும் அப்பா தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். திருச்செந்தூருக்குப் போனால் வேனில் போவோம். ஒருவருக்குத் தாகம் எடுத்தால் வேன் நிற்கும். ஒருவர் தூங்கினால் பாட்டை நிறுத்துவார்கள். நான் பார்த்த ஊர்கள் எல்லாமே அந்த வேனின் ஜன்னல் வழியாகப் பார்த்தவை.

கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. அது முடிவதற்குள் ஒரே ஒரு ஊரை, யாரும் கூட வராமல், என் கால் போகிற வேகத்தில் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை ஏதும் இல்லை. வியன்னாவைத் தேர்ந்தெடுத்ததில் கனவு எதுவும் கிடையாது. தனியாகப் போகும் பெண்ணுக்குப் பயமில்லாத ஊராக இருக்க வேண்டும், மெட்ரோ எல்லா இடத்துக்கும் போக வேண்டும், நடந்தே பார்க்க முடிய வேண்டும், சைவம் கிடைக்க வேண்டும். நான்கிலும் தேறிய ஊர் அது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, அந்த ஊர்ல கடல் உண்டா?"

"கடல் இல்லப்பா. ஆறு இருக்கு."

"கடல் இல்லாத ஊர்ல என்னத்தப் பாக்கதுக்கு?"

"இங்க கடல் இருக்கே, நாம எத்தன தடவ பாத்திருக்கோம்?"

அவர் யோசித்தார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இடுக்கில் தெரியும் கடலைத்தான் எங்களுக்குத் தெரியும். "சரி, போய்ட்டு வா" என்று அவர் சொல்ல இன்னும் பல வாரங்கள் ஆயின. அத்தனை வாரங்களும் அம்மா பேசவில்லை. பேசத் தொடங்கிய அன்று, "அங்க குளிருமாமே, உள்ள போடதுக்குக் கம்பளி வாங்கிட்டியா?" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

திட்டமிடுவதில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். போகிறவர்களுக்கு உதவும். விடுதியை நகரின் நடுவில் எடுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, ஆனால் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். பயணச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் பரிசோதகரிடம் எந்தச் சமாதானமும் செல்லாது. பெரிய அரண்மனைக்குக் காலை முதல் நுழைவு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் அது கோயில் திருவிழாதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ரொட்டியும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது, நம்பிக் குடிக்கலாம். பழைய நகரைச் சுற்றி வட்டமாக ஒரு அகலமான சாலை இருக்கிறது. வந்த அன்று களைப்பாக இருந்தால் டிராமில் உட்கார்ந்தே அதைப் பார்த்துவிடலாம். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். அருங்காட்சியகத்துக்கு மறுநாள் பூங்கா. கடைசி நாளில் எதுவும் எழுதாதீர்கள்.

என் திட்டத்தின் கடைசி நாள் காலியாகத்தான் இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருக்க நினைத்திருந்தேன். யாரும் எழுந்திரு, போகலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பாஸ்போர்ட் விசாவோடு கூரியரில் வந்த அன்று நான் ஆலையில் இருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்போம். கடையின் எடைத் தராசுக்குப் பொட்டு உண்டு. கேஸ் அடுப்புக்கு உண்டு. என் மடிக்கணினியின் மூடியிலும் ஒன்று இருக்கிறது, ஆலையில் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். புதுக்கணக்கு நோட்டுக்கு மேலட்டையில் வைத்தால் போதாது. கணக்கு எழுதப்போகும் பக்கத்தைத் திறந்து அதில் வைக்க வேண்டும். அம்மா பாஸ்போர்ட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். விசா ஒட்டிய பக்கம்தான் அவளுக்குக் கணக்குப் பக்கம். நான்கு மூலையிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, ஈரம் காயும் முன்பே மூடி, அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்திருக்கிறாள். திரும்பி வந்து திறந்தபோது இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பயந்துபோய்க் கடையிலிருந்த அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

பைப்பில் பெயின்டால் எழுதிய பழைய அளவை அழிக்கக் கடையில் தின்னரும் கழிவுப் பஞ்சும் எப்போதும் இருக்கும். அதை அப்பா எத்தனையோ ஆண்டுகளாகச் செய்கிறார். நான் வீடு திரும்புவதற்குள் பாஸ்போர்ட்டைச் சரி செய்துவிட வேண்டும், எனக்குத் தெரியவே கூடாது என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

நான் வந்தபோது அது கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் விரிந்து கிடந்தது. பக்கம் பறக்காமலிருக்க ஓர் எடைக்கல். வீடு முழுக்கத் தின்னர் வாடை. குங்குமம் நன்றாகவே போயிருந்தது. கூடவே விசாவின் எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு ஊதா நிறமாகியிருந்தன. தின்னர் வழிந்து, என் படம் இருந்த பக்கத்தில் மேலே ஒட்டியிருந்த படலம் சுருங்கி எழும்பியிருந்தது. என் முகத்தின் இடது பாதி தெரிந்தது.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "தின்னர் தொட்டுத் துடைச்சா எல்லாம் போவும்னு நெனச்சேன்."

"எல்லாம் போயிருச்சுப்பா."

அம்மா சமையலறையிலிருந்து, "நல்லதுக்குத்தானட்டி வச்சேன்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். அங்கே இருந்தது எனக்கு நல்லது நினைத்த இரண்டு பேர். அந்த நல்லதிலிருந்து வெளியே வருவதற்கு வழி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஆலையிலிருந்தே விசா மையத்துக்குக் கிளம்பினேன். விம்கோ நகர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. ஆட்டோ சிறிது தூரம் போய் நின்றுவிட்டது. முன்னால் கண்டெய்னர் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர், இடதுபுறம் இன்னொன்று. வலதுபுறம் தடுப்புச்சுவர். துறைமுகக் கேட்டில் ஏதோ தாமதமாம். ஓட்டுநர்கள் சிலர் கீழே இறங்கி லாரி நிழலில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். "இன்னாக்கா, அவசரமா?"

"விசா ஆபீஸுக்குப் போகணும். மூடிடுவாங்க."

"ஃபாரினா? எந்த ஊரு?"

"வியன்னா."

"தனியாவா போற?"

"ஆமா."

"வூட்ல வுட்டாங்களா?"

"விட்டாங்க."

"அப்பால இன்னா பேஜாரு? இந்த லைன்லருந்து வெளிய போவத்தான்கா விசா வோணும். மத்ததுலாம் ஈசி." பக்கத்து லாரியைத் தட்டி, "நைனா, கொஞ்சம் நவுத்துப்பா, அக்காக்கு ஃபிளைட்டு கீது" என்று கத்தினார். லாரிக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குக் கப்பலே கீது, நான் இன்னா நவுந்துகினா இருக்கேன்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இறங்கி நடக்கவும் இடமில்லை. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓர் ஆள் போகும் அகலத்தில் கருத்த தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே உட்கார்ந்தபடி பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். வெயிலில் இன்னும் மோசமாகத் தெரிந்தது. திரும்ப மூடிப் பையில் வைத்தேன். வியன்னாப் பயணத்துக்கு நான் ஒவ்வொரு மணிக்கும் திட்டம் வைத்திருந்தேன். எண்ணூரிலிருந்து விம்கோ நகருக்குப் போவதற்குத் திட்டம் வைத்திருக்கவில்லை.

ஒருவழியாக வரிசை நகர்ந்து, மெட்ரோ பிடித்து, மையம் மூடுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பக்கத்தைப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். "மேடம், என்ன இது, பெட்ரோலா?"

"தின்னர்."

அவள் காரணம் கேட்கவில்லை. "இதோட போனா நம்ம ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க. மொதல்ல புது பாஸ்போர்ட் எடுங்க. அப்புறம் விசாவுக்கு மறுபடி முதல்லருந்து வாங்க."

விடுதிப் பதிவை மெட்ரோவில் நின்றபடியே ரத்து செய்தேன். பிறகு அரண்மனை, பிறகு விமானம்.

அந்த வாரத்தில் வீட்டில் ஒரு புதுப் பேச்சு உருவாகியிருந்தது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. "அடுத்த வருசம் மாப்பிள்ளையோட போவட்டும்" என்பது அது. அத்தை போனில் சொன்னாள். பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். அம்மன் தடுத்தது அதற்காகத்தான் என்று அம்மாவும் நம்பத் தொடங்கினாள்.  அப்பாவோ தின்னர் டப்பாவைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டதாகக் கடைப் பையன்கள் மூலம் பின்னால் அறிந்தேன்.

புது பாஸ்போர்ட்டை நான் விடுமுறையில் இருந்த நாளில் தபால்காரர் கொண்டுவந்தார். நானே வாங்கினேன். திரும்பினால் அம்மா குங்குமச் சிமிழோடு நிற்கிறாள். பழக்கம், வேறொன்றுமில்லை. அவள் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"எனக்கு வை. அதுக்கு வேண்டாம்" என்றேன். வைத்துவிட்டாள். அழுத்தமாக வைத்தாள்.

ஆகவே திட்டத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறேன்: விசா வந்ததும் பாஸ்போர்ட்டை, உங்களை அதிகமாக நேசிக்கிறவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் எனக்கு வெளிநாடு பார்க்கப் பிடிக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா வாட்ஸப்பில் எழுதினாள்: "வியன்னா பிளான் ரெடியா வச்சிருக்கீங்களாமே, அனுப்புங்க, ஹனிமூனுக்கு அதையே ரெண்டு பேருக்கு மாத்திடலாம்." நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். டிராம், முத்திரை, ஞாயிற்றுக்கிழமை ரொட்டி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். என் நாள்வாரித் திட்டத்தை அனுப்பவில்லை.

இன்றைய நிலை இது. புது பாஸ்போர்ட் ஆலையில் என் லாக்கரில், ஹெல்மெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் விசா இல்லை. விடுப்புக்கு மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுப் பராமரிப்பு முடியட்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். என் திட்டத்தில் இப்போதும் ஒரே ஒருவருக்குத்தான் சீட்டு. கடைசி நாள் இன்னும் காலியாக இருக்கிறது.