மூன்று நாள் விரால் சாறு

எங்கள் முதல் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகியும் என் மனைவிக்குப் பிரசவப் புண் ஆறவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்காரப் பயம். அவள் அம்மா கிள்ளானில் கால் ஒடிந்து கிடந்தார். அதனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சமையல், துணி துவைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் ரயில்வே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். ஆணியும் போல்ட்டும் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பிரசவம் பார்த்தவர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார அம்மா. புண்ணைப் பார்த்துவிட்டு, தினமும் ஹாருவான் சாறு கொடு, தசை சீக்கிரம் கூடும் என்றார். நம் ஊரில் விரால் என்கிற மீன்தான் அது. போகும்போது வாசலில் திரும்பி நின்று, "ஜாங்ஙான் லாமா" என்றார். அதிக நேரம் வேண்டாம் என்று அர்த்தம். ரொம்ப நேரம் கொதிக்க வைத்தால் மருந்துச் சத்துப் போய்விடும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பக் கேட்க எனக்கு வெட்கம். அறிமுகம் இல்லாதவர்களிடம், அதுவும் பெண்களிடம், இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகளில் பிடித்த விராலைத் தகர வாளியில் உயிரோடு தூக்கிவந்து விற்கும் சீனர் ஒருவர் இருந்தார். அவரே செதில் சீவித் துண்டு போட்டுக் கொடுப்பார். முதல் மூன்று நாளும் அப்படித்தான் வாங்கினேன். தண்ணீர் ஒரு கொதி வந்ததும் துண்டுகளைப் போட்டு, மறுகொதி எழும்போதே இறக்கிவிடுவேன். துண்டின் நடுவில் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கும். மருந்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"இது சேத்து மீனுங்க. கிள்ளான்ல நாங்க இத பூனைக்குத்தான் போடுவோம்" என்றாள் மனைவி. கடல் மீன் தின்று வளர்ந்தவள்.

"மருந்துன்னு நெனச்சுக் குடி."

நாலாம் நாள் சீனருக்கு ஏதோ அவசரம். மீனை முழுசாகக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானே குழாயடியில் உட்கார்ந்து அரிந்தேன். முதுகுச் சதையில் கேழ்வரகு மணி அளவுக்கு ஒரு சின்னப் பை தெரிந்தது. முட்டை என்று நினைத்தேன். பிறகு, சதைக்குள் எப்படி முட்டை வரும் என்று யோசித்து ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து சிவப்பு நூல் ஒன்று சுருள் பிரிந்து வெளியே வந்தது. உதறினால் விழும் என்று பார்த்தேன். விழவில்லை, நெளிந்தது. தேடிப் பார்த்ததில் வயிற்றுப் பக்கம் இன்னும் இரண்டு பை அகப்பட்டன.

பயம் பிறகுதான் வந்தது. முதலில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆச்சரியம்தான். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் போட்டால் தலையால் முட்டி முட்டி வழி தேடியது. அப்புறம்தான் உறைத்தது. மூன்று நாளாக அரைவேக்காட்டில் இதையல்லவா அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்? அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் ஆயிற்றே?

அன்று மீன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். கழுவிய மைப் புட்டியில் நூலைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தேன்.

அங்கே புற நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் உரத்த குரல்காரர். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர். என் முறை வந்ததும் புட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"சதையில, வயித்துப் பக்கம்... பூச்சி இருக்குங்க" என்றேன். யாருடைய வயிறு என்று சொல்லவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் முழுசாகிவிடுகிறதே, அதுதான் வினை.

"இதுக்கா இவ்வளவு கூச்சம்? ஊருல பாதிப் பேரு வயித்துல இருக்கு லா!" என்று ஒரு பொடியை மடித்து, ஒரு குவளை விளக்கெண்ணெயையும் ஊற்றி நீட்டினார். "என் முன்னாலயே குடிங்க. வூட்டுக்குப் போயி வாழை மரத்துக்கு ஊத்துவீங்க, எனக்குத் தெரியும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பையில் புட்டி கனத்தது. எனக்கு இல்லை, மீனுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் குடித்தேன். மறுநாள் வேலைக்குப் போகிற நிலைமையில் நான் இல்லை. மனைவி என்னைப் பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

அதற்கடுத்த நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனேன்: 'பூச்சி எனக்கு இல்லை. மீனுக்கு. அந்த மீனை என் மனைவி சாப்பிட்டாள்.' டிரெஸ்ஸர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"அப்ப மீனையில்லய்யா கூட்டியாந்திருக்கணும்!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. பின்கட்டில் பூதக்கண்ணாடிக் கருவி வைத்திருந்த ஒருவரிடம் அனுப்பினார்.

அவர் யாழ்ப்பாணத்தவர், மெலிந்தவர், என்னைப் போலவே குறைவாகப் பேசுகிறவர். நூலைக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இஞ்ச வந்து பாரும்" என்றார்.

ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். நூல் கயிறாகியிருந்தது. தலை பந்து போல உருண்டு, அதைச் சுற்றி வரிசை வரிசையாக முட்கள். ஒரு வரிசைகூடக் கோணவில்லை. ஸ்டோரில் ஆயிரம் சாமான் பார்த்திருக்கிறேன், அவ்வளவு சின்னதில் அவ்வளவு ஒழுங்கை எதிலும் பார்த்ததில்லை. வந்த காரியத்தையே ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

"இது எங்கேருந்துங்க வருது?"

"பூனை, நாயின்ர வயித்திலதான் பெரிசு இருக்கும். அதின்ர முட்டை தண்ணியில விழும். தண்ணியில இருக்கிற பொடிப் பூச்சி குஞ்சை விழுங்கும். பூச்சியை மீன் விழுங்கும். மீனைப் பூனை தின்னும்."

"மனுசன் எங்க வரான்?"

"நீர் ரயில்வேதானே? இதுக்கு இறங்க வேண்டிய ஸ்டேசன் பூனையின்ர வயிறு. மனிசருக்குள்ள ஏறிச்செண்டா இறங்கிற இடம் தெரியாது. தோலுக்குக் கீழ நடந்து திரியும். இண்டைக்குக் கையில வீங்கும், நாலு நாள் கழிச்சு வேற இடத்தில. கண்ணுக்கோ தலைக்கோ போனா ஆபத்து. சயாம் பக்கம் கண்டிருக்கினம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வடிவாக் கொதிச்சாச் செத்துப்போம். எவ்வளவு நேரம் கொதிக்க வச்சனீர்?"

மலாய்க்கார அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"கனநேரம் வேண்டாம் எண்டவ சரி. அடுப்பில கொதிக்கிறதோ, சட்டியில மிச்சம் வைக்கிறதோ? கேட்டனீரோ?"

கேட்கவில்லை. குழந்தைக்குப் பாலில் போகுமா என்று கேட்டேன். அதற்குத் தனக்குப் பதில் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால், மற்றதையெல்லாம் நம்பினேன். உள்ளே போயிருந்தால் கொல்ல மருந்து கிடையாது, சில மாதம் உடம்பில் வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிரும் என்றார்.

திரும்பும் வழியில் ஆற்றைக் கடந்து அந்த அம்மாவிடம் போனேன். அறிமுகம் இல்லாத ஒரு பெண்ணிடம் நான் கேட்ட முதல் இரண்டாவது கேள்வி அதுதான். வைத்த சாற்றை நாள் கடத்திக் கொடுக்காதே என்றுதான் சொன்னாராம். நான் கொதிக்க வைத்த கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், விளக்கெண்ணெய் உட்பட.

"அதான் மூணு நாளா மூஞ்சி அப்படி இருந்துச்சா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. அந்தச் சாறு ஒரே சேத்து வாட. நீங்க வேலைக்குப் போனதும் மறுபடி அடுப்புல ஏத்தி, இஞ்சி தட்டிப் போட்டு, மீனு பஞ்சு மாதிரி ஆவுற வரைக்கும் கொதிக்க வச்சுதான் குடிச்சேன்."

எனக்கு மூச்சு வந்தது. "மூணு நாளுமா?"

குழந்தையை மறுபக்கம் மாற்றினாள்.

"மொத நாளு நீங்க பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அன்னிக்கு அப்படியே குடிச்சேன். ரெண்டு துண்டும் தின்னேன்."

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவள் கை, கழுத்து, முகம் எல்லாவற்றையும் சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது என் பழக்கமாயிற்று. விரால் இல்லாமலே புண் ஆறிவிட்டது. ஆனால் ஒரு சாயங்காலம் கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே, சிவந்த வீக்கம் ஒன்று இருந்தது. காதில் இருந்த, ஈரம் பட்டால் அழியாத ஊதா மையாகிற காப்பிங் பென்சிலை எச்சில் தொட்டு, வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். நகர்ந்தால் கோட்டைத் தாண்டும் அல்லவா? மறுநாள் ஸ்டோரில் ஆணி கேட்டவருக்கு வாஷர் கொடுத்தேன்.

வந்து பார்த்தால் வீக்கம் கோட்டுக்குள்ளேயே வற்றியிருந்தது. அதற்கடுத்த நாள் சுத்தமாக இல்லை. கொசுவோ எறும்போ கடித்திருக்க வேண்டும். ஆனால் ஊதாக் கோடு போக மறுத்தது. அவள் அதோடு குழாயடிக்குப் போயிருக்கிறாள்.

"என்னாடி, வூட்டுக்காரரு சாமான் தொலஞ்சிருமுன்னு ஸ்டோர் மார்க் போட்டுட்டாரா?" என்று அங்கிருந்த பெண்கள் கேட்டார்களாம். இதை என்னிடம் சொல்லும்போது, அந்தச் சாறு கொடுத்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

வேறு எதுவும் வரவில்லை. நான் மட்டும் பார்ப்பதை நிறுத்தவில்லை. குழந்தை சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய சமயம், ஒரு நாள் வழக்கம்போல் அவள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அது இருந்தா இந்நேரம் அதுக்கே கிழடு தட்டியிருக்கும். இனிமே எங்கயாச்சும் வீங்குனா நானே சொல்றேன். கைய விடுங்க, அடுப்புல சோறு கொதிக்குது."

கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத்தான் விட்டேன்.