புல்லு பூண்டு

வீட்டுப் பின்பக்கம் இரண்டு பாத்தியில் பூண்டு போட்டிருந்தேன். ஒன்று நாட்டுப்பூண்டு. பல் சின்னது, காரம் ஜாஸ்தி, குழம்புக்கு ஆகும். இன்னொன்று மலைப்பூண்டு. எங்கள் மாதனூர் வெயிலுக்கு அது லேசில் பிடிக்காது. கார்த்திகைக் குளிரில் ஊன்றி, சாணி எருவும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும் போட்டேன். போர் தண்ணீர் உப்பு. குடிக்கிற குழாய்த் தண்ணீரைத்தான் குடத்தில் தூக்கி வந்து ஊற்றினேன்.

மலைப்பூண்டு மகளுக்காக. முதல் பிரசவத்தில் அவளுக்குப் பால் ஊறவில்லை. கடைப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தேன். மருந்து வாடை அடிக்கிறது என்று துப்பிவிட்டாள். குழந்தை பசியில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள்.

முதல் தடவை விட்டுப்போன வளைகாப்பைத் தை மாதம் வைத்திருந்தோம். பின்பக்கம் பந்தல் போட வேண்டும் என்று, புல் வெட்டும் மிஷின்காரரை வரச் சொல்லிவிட்டு மகன் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டான். பாத்தி இருப்பது அவனுக்குத் தெரியாதா என்று நானும் ரேஷன் கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தெரு முனையிலேயே பச்சைப் பூண்டு வாடை அடித்தது. அரிசிப் பையை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன். நாட்டுப்பூண்டுப் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. மூக்கை மூடித் துண்டு கட்டிய ஒருவர், தோளில் மிஷினோடு அடுத்த பாத்திக்கு வந்துகொண்டிருந்தார். வெளி ஆம்பளைகளிடம் நான் சத்தமாகப் பேசினதில்லை. ‘இருப்பா’ என்றது எனக்கே கேட்கவில்லை. போய் மலைப்பூண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

மிஷினை நிறுத்தினார்.

“இன்னாமா நீ, கால்ல பட்டா இன்னா ஆவறது?”

“இது பூண்டுப்பா.”

“தெரியும்மா. புல்லு பூண்டு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு உம் புள்ளதான் போன்ல சொன்னாரு.”

“அந்தப் பூண்டு இல்லப்பா. இது பூண்டு.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். எந்திரி, பேஜார் பண்ணாத. இன்னும் ரெண்டு எடம் போவணும்.”

அதற்குள் அவருக்குப் போன் வந்தது. உருதுவில் பேசினார். பேசி முடித்து மிஷின் கயிற்றை இழுக்கக் கை வைத்தார். பக்கத்து வீட்டு பாய் அம்மா பிரியாணிக்குப் பூண்டு கேட்கும்போது சொல்லும் வார்த்தை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“லஸ்ஸன்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கை நின்றது. துண்டை இறக்கி மோந்து பார்த்தார். மொட்டைப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

“யா அல்லா. இத மொதல்லியே சொல்லக் கூடாதா?”

“புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதுப்பா.”

மீதிப் புல்லை அவர் அரிவாளால் அறுத்தார். மிஷின் கேட்டைத் தாண்டும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மகன் வந்து கேட்டான்.

“பந்தக்கால எங்கம்மா நடறது?”

மொட்டைப் பாத்தியைக் காட்டினேன்.

மாசி கடைசியில் மலைப்பூண்டைப் பிடுங்கி நிழலில் காய வைத்தேன். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் நாளெல்லாம் பால் இல்லை. பூண்டை வேகவைத்து டம்ளரில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இருக்குதாம்மா?” என்றாள்.