ஜோலி உண்டோ?

விவாகரத்துக்குப் பிறகு, தம்பானூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ஜீவனாம்ச வழக்கு போட்டிருந்தேன். கோர்ட்டில் நீதிபதி மலையாளத்தில் கேட்டார்: “ஜோலி உண்டோ?”

உத்தியோகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திருநெல்வேலிக்காரியான எனக்கு சோலி என்றால் சமையல், துவைப்பு எல்லாம்தான். “விடிஞ்சா அடைஞ்சா சோலிதான் சார்” என்றேன்.

“வேலையில் இருப்பவருக்கு எதற்கு ஜீவனாம்சம்?” என்று முன்னாள் கணவரின் வக்கீல் எழுந்தார்.

என் வக்கீலம்மா அமைதியாக, “சம்பளம் யார் தர்றாங்க?” என்று தமிழில் கேட்டார்.

“வீட்டுச் சோலிக்கு யாரு சம்பளம் தருவா?”

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வருமானமில்லை, கணவருக்கு நிலையான சம்பளம் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்து ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் எந்தப் பெண்ணாவது “வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்றால் நான் விடுவதில்லை. “சம்பளமில்லாத சோலி”ன்னு திருத்திச் சொல்ல வைக்கிறேன்.