கட்டில் ஏறாத வீடு

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் நலம் விசாரிப்போம். ஒதீலை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் வீட்டுக் கதை வந்துவிடும்.

அவளுடைய கல்வீடுதான் எங்கள் தெருவிலேயே பழசு. பழமைச் சின்னம் என்று அரசாங்கம் பாதுகாக்கும் வீடு. கதவுக்கு என்ன சாயம் பூசலாம் என்பதைக்கூட அதிகாரிகள்தான் சொல்வார்கள். கீழே கண்ணாடி முகப்புக் கடையில் ஒதீல் கம்பளிநூல் விற்கிறாள், குடியிருப்பு மாடியில். போன இலையுதிர் காலத்தில் அவள் புருஷன் அன்செல்முக்குப் பக்கவாதம் வந்தது. ஏற்றி இறக்கும் மோட்டார் கட்டில் வீட்டில் இருந்தால்தான் அனுப்புவோம், இல்லையென்றால் முதியோர் இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கட்டில் வந்தது. இரண்டாகக் கழற்றியும் சுருள் படிக்கட்டின் முதல் வளைவிலேயே மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாக ஏற்றலாம் என்றால், ஜன்னலின் நடுவில் அதை நாலாகப் பிரிக்கும் கல்சிலுவை. அதைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கலாமா என்று கேட்டதும், பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து திபோ என்கிற இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை. நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ரொம்பப் பழைய சிலுவைம்மா. தொடக் கூடாது."

"சிலுவைய நான் கும்பிடறவ, தம்பி. உடைக்கவா போறேன்? கட்டில் உள்ள போனதும் மாட்டிடறோம்."

"மனு எழுதிக் குடுங்க. எட்டு மாசத்துல பதில் வரும்."

"எட்டு மாசம் அவர் இருப்பாருன்னு நீங்க எழுதிக் குடுங்க. நான் மனு குடுக்கறேன்."

திபோ மனுத்தாளை ஒரு நூல்பெட்டிமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடைக்கதவு அகலம், கட்டிலைக் கடையிலேயே போடேன் என்று நான்தான் சொன்னேன். ஒதீல் என்மேல் பாய்ந்தாள்.

"கண்ணாடிக்குள்ள பொம்மை மாதிரி படுக்க வைக்கவா? சுத்திப் பாக்க வர்றவன்லாம் ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டே என் புருஷனப் பாக்கவா?"

வேறு வழி? நூல்பெட்டிகளை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டோம். கண்ணாடிக்குத் திரை மாட்ட ஆள் வந்தபோது திபோவும் வந்துவிட்டார். கல்சுவரில் துளை போடக் கூடாதாம்.

"சுவத்துக்கு வலிக்குமேன்னு இத்தனை பேர் கவலப்படறாங்களே, ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு, ஒதீல் திரைத்துணியை மடித்து உள்ளே வைத்தாள்.

அன்செல்ம் வந்து சேர்ந்தார். வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும் மனுஷருக்கு ஒரே குஷி. தெருவில் போகிற எல்லோருக்கும் நல்ல கையை ஆட்டுகிறார். நேற்று சுற்றுலா வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்தை நிறுத்தி மாடி ஜன்னலைக் காட்டினாள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் அன்செல்முக்குக் கையாட்டினார்கள். ஒருவன் படம்கூடப் பிடித்தான்.

"ஏங்க, கைய இறக்குங்க. சூப்பு ஆறுது."

"பாவம்டி, எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"வந்தவங்க கல்லப் பாத்துட்டுப் போகட்டும்."

அவர் கேட்பதாக இல்லை. ஒதீல் நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எட்டிப் பார்க்க அவர் தலையைச் சாய்த்த பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாள். அப்படிச் சாய்ந்து சாய்ந்தே சூப்பு முழுவதையும் ஊட்டி முடித்தாள்.