கிரெவி வரிக்குதிரையின் வயிறு

கோபாலபுரத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. மூன்று நாள் கண்காட்சிக்காக, வரிக்குதிரை வகைகளைப் பற்றி ஒரு பேனர் தயாரித்து, சிந்தாதிரிப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் பாயிடம் கொடுத்தேன்.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், அழியுற ஆபத்துல இருக்குற கிரெவி வரிக்குதிரைக்கு வயிறு வெள்ளைன்னு நீங்களே எழுதிக்கீறீங்க. படத்துல வயித்துலயும் வரி கீதே?"

"வரிக்குதிரைன்னா வரிதான் பாய். அடிச்சுக் குடுங்க" என்றேன் எரிச்சலோடு.

முதல் நாளே தலைமையாசிரியை அந்தப் படத்தில் விரலை வைத்தார். "வயித்துலயும் வரி இருக்கே, இது சமவெளி வரிக்குதிரையாச்சே! காட்டுல இதுதான் அதிகமா இருக்கு. பசங்க தப்பா படிச்சுக்க மாட்டாங்களா?"

"அச்சகத்துல படத்தை மாத்திட்டாங்க, மேடம்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். பேனரைக் கட்டி முடித்த பாய், ஏணியோடு என் பின்னால் நின்றிருந்தார்.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றார் தலைமையாசிரியையிடம். "நாளைக்கு வேற அடிச்சுக் கொண்டாரேன்."

மறுநாள் புதிய பேனரைக் கட்டியவர், "இப்போ சரியா கீதா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். தலைமையாசிரியை பக்கத்திலேயே இருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

என் படத்தை அவர் ஒரே நாளில் திருத்திக் கொடுத்துவிட்டார். நான் சொன்ன பொய்யைத் திருத்தும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.