என் ஜோடிக்குக் கல்யாணம்

அவனுக்குச் சங்கு என்று பெயர் வைத்தவர் எங்கள் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மொட்டைமாடியில் நின்றுகொண்டு "ஸ்பேனர் எங்கேடா?" என்று அவன் கேட்டது, கீழே தெருவில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருந்த அவருக்குக் கேட்டுவிட்டது. "இவன் ஆளா, ஆலைச் சங்கா?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் அவனுடைய நிஜப் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்களில் பாதிப் பேர் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

அந்தக் குரலுக்குக் காரணம் அவன் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆள் உயர மெஷின்கள் நாளெல்லாம் படுக்கைவிரிப்புகளைச் சுழற்றிச் சுழற்றி அவருடைய காதைப் பாதி தின்றுவிட்டன. அப்பா அவன் நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். பசிக்கிறது என்றாலும் கத்த வேண்டும், தூக்கம் வருகிறது என்றாலும் கத்த வேண்டும். அவர்கள் கொஞ்சிக்கொள்கிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்றாம். "எங்க வீட்ல ரகசியமே கிடையாதுடா, தெருவுக்கே தெரியும்" என்பான். சரக்கு வேன் ஓட்டுகிற சித்தப்பாதான் அவனை எங்கள் கம்பெனியில் கொண்டுவந்து விட்டார்.

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். பழைய கட்டடங்களின் பழைய லிஃப்டுகள்தான் எங்களிடம் வரும். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உச்சியிலிருக்கும் மோட்டார் அறையில் நிற்பான். இன்னொருவன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி அந்த இருட்டுக் கிணற்றுக்குள் நிற்பான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது. செல்போன் சிக்னலும் அங்கே எட்டாது. குரல்தான் எல்லாம். கிணற்றுக்குள் இருப்பவன் "மேலே" என்று கத்தினால், மோட்டார் அறையில் இருப்பவன் அதே வார்த்தையைத் திருப்பிக் கத்திய பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும். காதில் தப்பாக விழுந்திருந்தால் அந்த ஒரு மூச்சு நேரத்தில் திருத்திக்கொள்ளலாம். திருத்தாவிட்டால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்ன ஆவான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சேர்ந்து வேலை செய்கிற இருவரை ஜோடி என்போம். சங்கு கிணற்றில், நான் மோட்டார் அறையில். சேர்ந்த வருடத்திலிருந்து அப்படித்தான்.

நான் அதிகம் பேசாதவன். கருவிப் பையில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். அதனால் அவனுக்கு நான் கவிஞர். ஒரு வரியும் எழுதியதில்லை என்று சொன்னாலும் விடமாட்டான். கிணற்றுக்குள் ரோலருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "கவிஞரே, ஒண்ணு படிங்க!" என்று கத்துவான். கயிறுகள் இறங்குகிற ஓட்டை வழியாகக் குனிந்து படிப்பேன். "ஒண்ணும் புரியலை. ஆனா நல்லாருக்கு. அடுத்த மாடி!" என்பான். வேறு எவருக்கும் நான் வாய்விட்டுப் படித்ததில்லை.

அவனுக்கு எல்லோரும் வேண்டியவர்கள். எனக்கு அவன் ஒருவன். கணக்கு அங்கேதான் இடித்தது.

பெண் கிடைத்ததும் லிஃப்டில்தான். ஒரு வணிகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவில் பெட்டி நின்றுவிட்டது. உள்ளே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண், கையில் ஃபிரேம்கள் அடுக்கிய தட்டோடு. சங்கு மாடிக் கதவைத் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாக அவளிடம், "பயமா இருக்கா?" என்று கேட்டான். "பயமெல்லாம் இல்லை. நீங்க கத்தறதுதான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். நான் மேலே போய்ப் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தேன். "கீழே", "மெதுவா", "நிறுத்து" ஆகியவை மட்டும் வந்தன. நடுவில் அவன் அவளிடம் பேசியது ஒன்றும் எனக்கு எட்டவில்லை. அவனோடு பழகிய காலத்தில் அவன் பேச்சு எனக்குக் கேட்காமல் போனது அன்றுதான் முதல் முறை. பெட்டி சரியாக வந்து நின்றது. அவள் வெளியே வந்து அவனுக்கு நன்றி சொன்னாள். நான் இறங்கி வருவதற்குள் அவன் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவன்.

அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. ஆனால் ஒருத்தி மனைவியாக வருகிறாள் என்றால் நண்பன் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளலாம். அவளுடைய தம்பி விஷயம் அப்படியில்லை.

மச்சினன் வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தவன். எளிதாகச் சிரிப்பான். யார் தோளிலும் கை போடுவான். நான் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவன் செருப்போடு நடந்து வந்துவிட்டான். சங்குவின் அம்மா சின்ன வயதில் அவனை என்ன சொல்லிக் கொஞ்சுவார் என்பதுகூட மச்சினனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. இருவரும் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உட்கார்ந்து, என் தலைக்கு மேல் ஒருவரோடொருவர் கத்திக்கொண்டார்கள். கடைசியில் சங்கு சிபாரிசு செய்து மச்சினனை எங்கள் கம்பெனியிலேயே சேர்த்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவன் ஸ்டோரில் உதிரிப்பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தேன். சூப்பர்வைசர் வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னப்பா, உன் ஜோடி கழண்டுக்கறான் போலிருக்கே?"

"கல்யாணம்னா அப்படித்தானே சார்."

"நான் கல்யாணத்தைச் சொல்லலை. மச்சினனைத் தன்கூடப் போடச் சொல்லிக் கேட்டிருக்கான். லீவு முடிஞ்சு வந்ததும் மாத்தணுமாம். உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னான் சார்" என்றேன். சொல்லவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே? இருந்தா இப்பவே சொல்லு. நான் இன்னும் முடிவு பண்ணலை."

தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அப்போது சங்கு நன்றி சொல்ல எழுந்தான். எனக்குள் ஒரு நப்பாசை. இத்தனை பேருக்கு முன்னால் "இவன்தான் என் ஜோடி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதன்பின் அவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காக நாற்காலி நுனிக்கு வந்தேன்.

அவன் மைக்கை வாங்கினான், ஒரு கணம் அதைப் பார்த்தான், பிறகு முதல் வரிசைப் பக்கம் திரும்பி, "அம்மா! கேக்குதா?" என்றான்.

"உனக்கு எதுக்குடா மைக்கு?" என்றார் அம்மா, அதே சத்தத்தில்.

மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அம்மாவுக்கு நன்றி சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. சங்கு உடைந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்கு, பெண்ணைப் பெற்றவர்களுக்கு, சூப்பர்வைசருக்கு நன்றி. ஸ்டோர்கீப்பருக்கு நன்றி. அவசரத்துக்கு வண்டி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, கோட்டின் கையைக் கடைசி நேரத்தில் குட்டையாக்கித் தந்த தையல்காரருக்கு, மண்டபத்து விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நன்றி. ஒவ்வொரு பெயருக்கும் நான் கைதட்டினேன். ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டினேன். அந்தத் தையல்காரரை அவனிடம் கூட்டிப்போனதே நான்தான்.

பிறகு மச்சினனை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டான்.

"இவன் எனக்கு மச்சினன் மட்டும் இல்லை. இனிமே வேலையிலயும் இவன்தான் என் ஜோடி!"

பலத்த கைதட்டல். சூப்பர்வைசர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசியா" என்று மணப்பெண் பக்கம் திரும்பினான். "இவங்க எனக்கு எப்படிக் கிடைச்சாங்கன்னு சொல்லணும்ல? லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள இவங்க, கையில ஒரு கடை கண்ணாடி. நான் தரையில படுத்துக்கிட்டு இருக்கேன். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுங்கினா எல்லாம் நொறுங்கிடும். மேல பார்த்து ஒரு குரல் குடுத்தேன் பாருங்க," என்று மைக்கை இறக்கிவிட்டு, மண்டபமே அதிரக் கத்தினான்: "கீழே, மெதுவா!"

"கீழே, மெதுவா!"

திருப்பிக் கத்தியது நான். எழுந்துகூட நின்றுவிட்டேன். இல்லாத சக்கரம் ஒன்றை என் கை பிடித்திருந்தது.

அத்தனை தலைகளும் திரும்பின. எதற்கும் குரல் உயர்த்தாத என்னை, மாமா முறை, சித்தப்பா முறை என்று முன்பின் தெரியாத கூட்டமே பார்த்தது. எங்கள் கம்பெனி ஆட்கள் இருந்த வரிசையில் முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு மண்டபம் முழுக்க.

"டேய் கவிஞரே! நீயா?" என்றான் சங்கு, கண்ணைச் சுருக்கி. "பாருங்க, இவன்தாங்க அன்னிக்கு மேல நின்னு சக்கரம் சுத்தினான். இவன் பேரைச் சொல்லவே மறந்துட்டேன்! பரவாயில்லை, நமக்குள்ள என்னடா நன்றி?"

எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நமக்குள் என்ன நன்றி. கேட்கிறவர்களுக்கு இனிக்கிற வாசகம். ஆனால் விளக்குக்காரருக்கும் தையல்காரருக்கும் கிடைத்த சாமான் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. அசலான, சாதாரண நன்றி.

மண்டபத்தின் பின்பக்கம் போட்டிருந்த சாப்பாட்டு மேசை ஒன்றில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மச்சினன் தட்டோடு என் எதிரில் வந்து அமர்ந்தான்.

"அண்ணே, அசத்திட்டீங்க. முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லை."

"பின்னே எதுக்குத் திருப்பிச் சொன்னீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "உங்க மாமா சொல்லித் தரலையா?"

"எதை?"

"மோட்டார் ரூமுக்குப் போனா என்ன செய்யணும்னு என்ன சொன்னார்?"

"பெருசா ஒண்ணும் இல்லைண்ணே. நான் கத்தினதும் சுவிட்சைப் போடு, அவ்வளவுதான்னார்."

சங்கு அலட்சியக்காரன் இல்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் என் பதில் போய்விடும். இத்தனை வருடமாக அது தானாக வருகிற எதிரொலி என்றே நினைத்துவிட்டான் போலிருக்கிறது. இந்தச் சிரித்த முகத்துப் பையன் மேலே நின்று, "நிறுத்து" என்பதைச் சரியாகக் கேட்காமல் சுவிட்சைப் போடுவதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. பயத்தோடு, வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஒரு குளிர்ந்த சந்தோஷமும் இருந்தது.

நேராக சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், அந்தப் பையனை ஆறு மாசம் என்கிட்ட விடுங்க. பழகாம சங்குகூடப் போட்டா யாராவது ஒருத்தர் அடிபடுவாங்க. திருப்பிச் சொல்லணும்னே அவனுக்குத் தெரியலை."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப சங்குக்கு யாரு?"

"பொடியாரைப் போடுங்க."

பொடியார் எங்களில் மூத்தவர். எந்நேரமும் மூக்குப்பொடி. திருப்பிச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்வார், நடுவில் ஒரு தும்மல் போடுவார்.

சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பொறுப்பா, பொறாமையா?"

"ரெண்டும்தான் சார்."

புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "சரி, அப்படியே செய்" என்றார்.

செய்தி மாப்பிள்ளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வேகமாக வந்தான், பின்னாலேயே மச்சினன்.

"என்னடா, என் மச்சினனைத் தள்ளிக்கிட்டுப் போறியாமே? எனக்குப் பொடியாராம்! தும்மியே என்னைக் கொன்னுடுவார்டா!"

"நீ கத்தினா திருப்பிச் சொல்லணும்னு இவனுக்கு யாரு சொல்லித் தந்தா?"

மச்சினனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நான் சொல்லலையா?" என்றான். கண்ணாடிக்காரப் பெண்ணிடம் பேசிய தணிந்த குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ சொல்லவே வேண்டியிருந்ததில்லை" என்றேன்.

கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டான். "ஆறு மாசமா?"

"குறைஞ்சது."

அதற்குள் புகைப்படக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். அவன் போனான். நான் மச்சினனுக்கு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் சிரித்தபடி என் தோளில் கை போட்டான். கூச்சமாக இருந்தது, ஆனாலும் அந்தக் கையை எடுக்கவில்லை. மேடையிலிருந்து புகைப்படக்காரர், "சார், இங்க பாருங்க, இங்க, இங்க" என்று கெஞ்சுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மணப்பெண் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி, சட்டத்துக்கு வெளியே யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறான். யாரை என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. நான் அந்த வீட்டுக்குப் போனால் படத்துக்கு எதிரே இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவேன்.